காத்தமுத்து சிந்திய பத்து வினாடி

சாலிகிராமத்தில் நாகமுத்துச் சந்து என்று ஒரு சந்து உண்டு, ஆட்டோ நுழைந்தால் சைக்கிள் ஒதுங்கவேண்டும், சைக்கிள் நுழைந்தால் நாய் எழுந்திருக்கவேண்டும், அவ்வளவுதான் அதன் அகலம். அந்தச் சந்தில் ஓர் ஐப்பசி மாதம், பத்து நாளாக வானம் மூடிக் கிடந்து மழை விடாமல் நசநசத்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, மாடி ஆபீஸின் ஏசியிலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தண்ணீருக்குப் பதில் வெயில் சொட்டியது.

முதலில் பார்த்தவள் குழாய்க்கு நேர் கீழே இட்லிக்கடை போட்டிருந்த ஸ்டெல்லா. நாலு வருஷமாக அந்தச் சொட்டு தன் அடுப்பில் விழாமலிருக்க அவள் ஒரு பெயிண்ட் டப்பா வைத்திருந்தாள். அன்றைக்கு டப்பா நிரம்பி, விளிம்பில் வழிந்து, மஞ்சள் மஞ்சளாகச் சந்து முழுக்கப் பரவியதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள், ஒரு விரலை விட்டுப் பார்த்தாள், சுட்டது, "மாடிக்காரங்க என்னத்தையோ கொட்டிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நாலு நாளாகக் காயாமல் முடைநாற்றம் எடுத்துக் கிடந்த இட்லித் துணிகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாக அதில் காட்டினாள். ஐந்து துணி காய்ந்தது. ஆறாவது துணிக்கு வெயில் நின்றுவிட்டது. அவள் அண்ணாந்து பார்த்து, "ஏ தவமணி, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று குரல் கொடுத்தாள்.

தவமணி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் ஒன்பது வருஷமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் அவள்தான். சினிமாவில் கடல் இல்லாத இடத்தில் கடல் வைக்கிறார்கள், யானை வராத ஊரில் யானையை நடக்கவிடுகிறார்கள் அல்லவா, அந்த வேலைக்கு முந்தின வேலை அவளுடையது. கேமராவிலிருந்து படம் ஃபிரேம் ஃபிரேமாக, வினாடிக்கு இருபத்துநாலு ஃபைலாக, அண்டா அண்டாவாக வரும். ஒவ்வொரு அண்டாவும் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைக்கு மேலும் பத்து மடங்கு, இருபது மடங்கு வெளிச்சத்தை உள்ளே அடக்கி வைத்திருக்கும். சும்மா பார்த்தால் வெறும் வெள்ளைதான், ஆனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கீழே இறக்கினால் அந்த வெள்ளைக்குள்ளிருந்து மேகத்தின் ஓரம் வரும், பல்புக்குள் இருக்கும் கம்பி வரும், மணப்பெண்ணின் மூக்குத்திக்கல் வரும். ஐதராபாத்தில் கடலும் யானையும் செய்கிறவர்களின் மிஷின்கள் பழசு, அண்டாவை வாங்காது. ஆகவே அவள் அண்டாவிலிருந்து செம்புக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். ஒரு வகை ஃபைலை இன்னொரு வகை ஃபைலாக, ஒன்று விடாமல், வரிசை மாறாமல். செம்பு கொள்ளாத வெளிச்சம் எங்கே போகிறது என்று ஒன்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. வெட்டுப்பட்டுப் போகிறது என்பார்கள், அதோடு சரி. அந்தத் திங்கட்கிழமை முதல் அது குழாய் வழியாகச் சந்துக்கு வந்தது.

ஏன் அன்றைக்கு, ஏன் அந்தக் குழாயில் என்று சந்தில் ஒருவரும் கேட்கவில்லை. மெட்ரோ தண்ணீர் ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது என்று கேட்டவர்களுக்கே பதில் கிடைக்காத ஊர் அது.

மாடி ஆபீஸின் முதலாளி ஆதிகேசவனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. கட்சிக்காரர் வருவார், பத்திரிகைக்காரர் வருவார், வேலை கெடும் என்று பயந்து, எம்-சீல் பசையை உருட்டிக் குழாயின் வாயை அடைத்தார். அன்று மதியம் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அடுப்புக்கல்லைப் போலக் கொதித்தன, ஆபீஸில் வேலை செய்த ஆறு பேருக்கும் கண் சிவந்து நீர் கொட்டியது, தவமணியின் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் காய்ந்து பொரியாகிவிட்டது. மறுநாள் அவரே ஏணி போட்டு ஏறி அடைப்பைக் குத்தி எடுத்தார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் பேசவேயில்லை, தன் கைக்குட்டைகளை மட்டும் கீழே காயவைக்கக் கொடுத்தனுப்பினார்.

சந்து பழகிக்கொண்டது. இட்லிக்கடைச் சுவரில் ஸ்டெல்லா ஒரு சிலேட்டை மாட்டினாள். காலையில் ஆபீஸுக்கு வரும்போது தவமணி அன்றைய வேலையைப் பார்த்து அதில் எழுதுவாள். பதினொரு மணி, பொள்ளாச்சி வெயில், நாற்பது வினாடி. ஒன்றரை மணி, கப்பல் மேல்தளம், வெயில் உப்புக் கரிக்கும், வெள்ளைத் துணி வேண்டாம். மூன்று மணி, வெடித்து எரியும் லாரி, கனத்த போர்வை மட்டும், கோழியைப் பிடித்துக் கட்டவும். நாற்பது வினாடியில் என்ன காயும் என்று கேட்கக்கூடாது, அது வெள்ளைக்கு மேலே இருந்த வெளிச்சம், அதில் நாற்பது வினாடி என்பது சித்திரை வெயிலில் ஒரு பகல். கார்த்திகை பிறந்து அடைமழை கொட்டியபோதும் அந்தச் சந்தில் கூழ்வடகம் காய்ந்தது, மிளகாய் காய்ந்தது, பள்ளிக்கூட சாக்ஸ் காய்ந்தது. பூக்கட்டுகிற பெண்கள் மட்டும் மொட்டெல்லாம் நேரத்துக்கு முந்தி வாய் பிளந்துவிடுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்காகச் சிலேட்டில் 'பூக்கூடையை மூடவும்' என்று ஒரு வரி சேர்ந்தது. மின்வாரியத்திலிருந்து ஒருவர் திருட்டு கரண்டா என்று பார்க்க வந்து, குழாயில் மீட்டரை வைத்து, மீட்டர் அசையாமல் இருப்பதைக் கண்டு, தன் நனைந்த ரெயின்கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டுப் போனார்.

இரண்டு விஷயங்களை அவர்கள் தாமாகவே கண்டுகொண்டார்கள். ஒன்று, வெளிச்சத்தோடு எது சிந்தினாலும் அதன் சொந்த அளவில் வந்து நிற்கும். திரையில் ஊசிமுனை அளவு மின்னிய மூக்குத்திக்கல் தெருவில் நிஜக் கல் அளவில் மின்னியது. தூரத்து மலைமேல் புள்ளியாகப் பளபளத்த கோயில் கலசம் சிந்தியபோது சந்தின் இரண்டு பக்கச் சுவர்களையும் உரசிக்கொண்டு நின்று மறைந்தது. இரண்டாவது, ஒரு ஃபிரேமிலிருந்து ஒரு தரம்தான் சிந்தும். பொள்ளாச்சி வெயிலை இன்னொரு தரம் ஊற்றச் சொல்லி வடகம் போட்டவர்கள் கெஞ்ச, தவமணி மறுபடி மாற்றிப் பார்த்தாள். குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. பழைய அண்டா ஃபைலைத் திறந்து எக்ஸ்போஷரை இறக்கினாள். மேகமில்லை, ஓரமில்லை, அடிவரைக்கும் சுண்ணாம்பு அடித்த சுவர். சிந்தியது போனது போனதுதான்.

அந்த இரண்டாவது விஷயம்தான் தவமணியின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

அவள் புருஷன் காத்தமுத்து சினிமாவில் லைட்மேன். பெரிய பெரிய விளக்குகளைத் தோளில் தூக்கி, பரணில் ஏற்றி, கேமராக்காரர் சொல்கிற திசைக்குத் திருப்பி வைக்கிற வேலை. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர்கள் சண்டை போட்டால் ஒரு முறை வைத்திருந்தார்கள்: இருவரும் நேருக்கு நேர் பேசமாட்டார்கள், வீட்டில் இருக்கிற சாமான்களிடம் பேசுவார்கள். "ஃபேனே, குழம்புல உப்பு கூடன்னு அவகிட்ட சொல்லு" என்பான் அவன். "குடமே, நாக்கு நீளம்னு அவரண்ட சொல்லு" என்பாள் அவள். எந்தச் சண்டையும் மூன்று நாளைத் தாண்டியதில்லை, ஏனென்றால் நடுவில் மாட்டிக்கொண்ட மிக்ஸியையோ அலாரம் கடிகாரத்தையோ பார்த்து யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கடைசிச் சண்டை ஒரு சட்டைக்காக வந்தது. நீலச் சட்டை, வெளியூர்ப் படப்பிடிப்பு ஒன்றில் கேமராக்காரர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது, ஒன்பது வருஷம் உடுத்திக் காலர் கிழிந்து அக்குளில் ஓட்டை விழுந்தது. ஆவணியில் ஒருநாள் தவமணி அதை எட்டுத் துண்டாக வெட்டிக் கைத்துணியாக்கி மடித்து வைத்துவிட்டாள். சாமான்களிடம்கூட அவன் இரண்டு நாள் பேசவில்லை. மறுநாள் எண்ணிப் பார்த்தபோது ஏழு துண்டுதான் இருந்தது. காற்றில் போயிருக்கும் என்று நினைத்தாள். சண்டை ஓயாமல் நாள் பதினொன்று ஆனது. பன்னிரண்டாம் நாள் காலை வாசலில் செருப்பு மாட்டும்போது அவன், "சிலிண்டரே, இன்னிக்கு பூந்தமல்லிப் பக்கம் வேலைன்னு சொல்லு" என்றான். அவள் உள்ளேயிருந்து, "குடமே, சரின்னு சொல்லு" என்றாள். அன்று மதியம் பரண் பலகை விலகி அவன் விழுந்தான், பிழைக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் மனுஷியாக அவள் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை எதுவென்று எத்தனை யோசித்தாலும் அவளுக்கு நினைவு வரவில்லை, குடத்திடம் சொன்னதுதான் நினைவிருந்தது.

கார்த்திகை முதல் வாரத்தில், அவன் கடைசியாக வேலை பார்த்த அந்தப் பூந்தமல்லிப் படம் ஆபீஸுக்கு வந்தது. ஒரு ஷாட்டில் பாழடைந்த மண்டபம், அதன் கோடியில் ஒரு பெரிய விளக்கு கேமராவைப் பார்த்து எரியும். அந்த விளக்கை எடுத்துவிட்டு அங்கே உதயசூரியனை வைக்கவேண்டும், அதுதான் ஐதராபாத்தின் வேலை. பத்து வினாடி, இருநூற்று நாற்பது ஃபிரேம். தவமணி வழக்கம்போலச் சரிபார்க்க எக்ஸ்போஷரை இறக்கினாள். இறக்க இறக்க மண்டபம் இருண்டது, வெள்ளை சுருங்கியது, சுருங்கின வெள்ளைக்குள் விளக்கின் வட்டம் வந்தது, வட்டத்தின் பக்கத்தில், முதலில் முதுகு காட்டிக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, விளக்கின் தகட்டுக் கதவை ஒரு துணியால் பிடித்துத் திருப்பிக்கொண்டு, பச்சைப்பயறு அளவு முகத்தோடு காத்தமுத்து நின்றான். துணி நீலமாக இருந்தது.

அவள் அதை அன்றைக்கு இருபது தரம் பார்த்தாள். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றித் தோன்றி மறைந்தது. பக்கத்தில் ஆள் கிடையாது. அவன் விளக்கோடுதான் பேசிக்கொண்டிருந்தான். விளக்கோடு பேசினால் அது யாருக்கு என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் பயறளவு முகத்தில், கூசுகிற வெளிச்சத்தில், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துபோகிற படத்தில் வாயசைவை யாரால் படிக்கமுடியும். மாற்றினால் சிந்துவான், சொந்த அளவில் நிற்பான், பத்து வினாடி. அதற்குப் பிறகு சுண்ணாம்புச் சுவர். மாற்றாவிட்டால் பயறளவில் என்றைக்கும் இருப்பான், என்ன சொன்னான் என்று என்றைக்கும் தெரியாது.

அவள் அந்த ஷாட்டைப் பட்டியலில் கீழே தள்ளினாள். ஃபைல் கெட்டு வந்திருக்கிறது என்றாள். இன்னும் வந்து சேரவில்லை என்றாள். மூன்றாம் வாரம் ஆதிகேசவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தவமணிம்மா, அந்தச் சூரிய ஷாட்டு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள போகணும்னு கட் அண்டு ரைட்டா சொல்லிட்டாங்க."

"பாக்குறேன் சார்."

"மூணு வாரமா பாக்குறீங்க. நீங்க அனுப்பலன்னா ஹார்ட் டிஸ்க்கையே அவங்க வாங்கிட்டுப் போயி வேற எங்கியாவது மாத்திக்குவாங்க."

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. வேறு எங்கோ, வேறு ஏதோ தெருவில், அவனைத் தெரியாதவர்களுடைய ஈரத்துணிக்கு நடுவில் அவன் சிந்திப் போவான். அவள் எக்ஸ்போஷரை இறக்கிக் காட்டினாள். ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கீழ யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"இல்ல சார்."

"சொல்லிடுங்க" என்றார் அவர். "சிலேட்டுல வேணாம். வாயால சொல்லிடுங்க."

தவமணி நேரே இஸ்திரி வண்டிக்காரர் கன்னியப்பனிடம் போனாள். கன்னியப்பன் முன்பு சண்டைக் காட்சிகளில் வெடி வைக்கிறவராக இருந்தார். ஒரு காரை வெடிக்கவைத்த நாளில் இரண்டு காதும் போய், கையில் இஸ்திரிப் பெட்டி வந்தது. மற்றவர்கள் வாயைப் பார்த்தே பேச்சைப் படிப்பார்; தன் குரல் தனக்குக் கேட்காததால் எது சொன்னாலும் சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்வார். காத்தமுத்துவும் அவரும் ஒரே வேனில் வேலைக்குப் போன சிநேகிதர்கள். சந்தில் யாரும் அவருக்கு எதிரில் புறணி பேசமாட்டார்கள், நூறடி தள்ளி நின்று பேசினாலும் படித்துவிடுவார்.

அவள் அவர் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எவ்ளோ நேரம் நிப்பான்?" என்று கத்தினார்.

"பத்து வினாடி அண்ணே."

"அவன் வேகமா பேசுற ஆளாச்சே. மூஞ்சி நம்ம பக்கம் இருக்குமா?"

"பாதிப் பக்கம் தெரியும்."

"பாதி போதும்." கொஞ்சநேரம் கரியை ஊதிக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, சட்டையப் பத்தித் திட்டியிருந்தான்னா? அப்பிடியே சொல்லிடவா?" என்று கேட்டார்.

இதற்குள் சந்து முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது, அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"அப்பிடியே சொல்லிடுங்க அண்ணே" என்றாள் தவமணி. "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொன்னதுதானே."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பூத்தூறலாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், சல்லடையில் சலித்தது போல மழை. சந்தில் ஈரத்துணி இல்லாத வீடு இல்லை. கார்த்திகை மாதத்து ஈரம், ஒரு வாரத்து ஈரம், பிள்ளைகளின் யூனிஃபார்மும் தலையணை உறையும் வாளி வாளியாக வீட்டுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு ஒருவரும் ஒரு கைக்குட்டையைக்கூடக் கொடியில் போடவில்லை. கொடிகளை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஸ்டெல்லா அடுப்பை அணைத்து, பெயிண்ட் டப்பாவைக் குழாய்க்குக் கீழேயிருந்து எடுத்து, அந்த இடத்தைக் கூட்டித் தள்ளித் தண்ணீர் தெளித்திருந்தாள். கோழிகள் கூடையில் இருந்தன. பூக்காரப் பெண்கள் கூடையை மூடவில்லை, திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள், மலர்ந்தால் மலரட்டும் என்று.

மாடியில் தவமணி எந்த ஃபிரேமிலிருந்து எந்த ஃபிரேம்வரை மாற்றுவது என்கிற எண்களை அடித்தாள். எந்த ஷாட்டுக்கும் முன்னால் எட்டு ஃபிரேம், பின்னால் எட்டு ஃபிரேம் அதிகமாகச் சேர்த்துக் கொடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். ஜன்னல் சட்டத்தில் செருக மரத்தைக் கொஞ்சம் நீளமாக வெட்டுவார்களே, அதுபோல. படத்தில் அது வராது, வேலை செய்கிறவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. முன் எட்டில் அவன் முதுகு காட்டிக் குனிந்திருந்தான். அதிலிருந்து தொடங்கி அடித்தாள். முடிகிற எண்ணைக் கீழே பார்க்காமலே அடித்தாள். அடித்து முடித்ததும் ஆதிகேசவன், "நீங்க கீழ போங்கம்மா, பட்டனை நான் அமுக்குறேன்" என்றார்.

"நான் எறங்கினதும் அமுக்கிடாதீங்க சார்."

"நீங்க அண்ணாந்து பாருங்க. அப்ப அமுக்குறேன்."

அவள் இறங்கிப் போய்க் கன்னியப்பனின் பக்கத்தில் நின்றாள். ஸ்டெல்லா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தவமணி அண்ணாந்து பார்த்தாள்.

குழாய் ஒரு தரம் செருமியது. பிறகு வெளிச்சம் வந்தது, சொட்டாக அல்ல, வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டது போலத் தாரையாக வந்து, தரையைத் தொடாமல், அந்தச் சலித்த தூறலில் பட்டுத் துணி விரிவது போல விரிந்து நின்றது. அதற்குள் ஆள் உயரத்துக்கு ஒரு விளக்கு நின்றது, விளக்கின் பக்கத்தில் முதலில் முதுகு, கழுத்தில் வழிகிற வியர்வை, காதுக்கு மேல் செருகிய பீடி, பிறகு நிமிர்ந்து, ஐந்தடி ஆறங்குலம், இடதுகண் புருவத்தில் பழைய தையல், நேற்றுச் சவரம் செய்த தாடை, காத்தமுத்து நாகமுத்துச் சந்தில் நின்றான். வலதுகையில் நீலத்துணி. காலரின் ஓரம் அது, தவமணி கத்தரித்தபோது கோணலாகப் போன ஓரம், அந்தக் கோணல்கூட அப்படியே இருந்தது. கொதிக்கிற தகட்டை அந்தத் துணியால் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினான், திருப்பிக்கொண்டே விளக்கைப் பார்த்துப் பேசினான், நல்ல பால்காரனிடம் ஒரு சேதி சொல்லி அனுப்புகிறவனைப் போல, அவசரமில்லாமல், கோபமில்லாமல், ஒரு பக்க உதட்டால். சத்தமில்லை. சந்தில் முப்பது பேர் நின்றார்கள், ஒருவரும் இருமவில்லை. தவமணி அவன் வாயைப் பார்க்கவில்லை. அதற்குத்தான் கன்னியப்பன் இருந்தாரே. அவள் அவன் கையை, கழுத்தை, கண்ணைப் பார்த்தாள். அவன் வாயை மூடினான். வெளிச்சம் அவன் பாதத்திலிருந்து மேலே சுருங்கியது, புருவம் கடைசியாகப் போனது, குழாயில் பச்சைத் தண்ணீர் சொட்டியது.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "சாப்ட்டியான்னு கேட்டாரு, நான் பாத்தேன்" என்றாள் ஸ்டெல்லா. பூக்காரி ஒருத்தி, "இல்லக்கா, வர்றேன்னு சொன்னாரு" என்றாள். கோழிக்காரர், "கயித்த இழுன்னு யாரையோ சொன்னாப்ல இருந்துச்சு" என்றார். கன்னியப்பன் மட்டும் கண்ணை மூடி நின்றார், படித்ததை வரிசைப்படுத்திக்கொள்கிறவரைப் போல. பிறகு கண்ணைத் திறந்தார்.

"லைட்டு கிட்டதான் சொன்னான்" என்று கத்தினார். "'அவகிட்ட சொல்லு. துணி நல்ல துணி. கை சுடவே இல்ல.' அவ்ளோதான் சொன்னான்."



"க்ளவுஸ் கிழிஞ்சிருக்கும்" என்றார் கன்னியப்பன், சற்றுக் குறைந்த சத்தத்தில், அது அவருக்குக் கிசுகிசுப்பு. "அந்தத் தகடு எப்பிடிக் கொதிக்கும்னு எனக்குத் தெரியும். கை சுடவே இல்லன்னு ரெண்டு தடவை சொன்னான் தாயி. நான் ஒரு தடவதான் சொன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லிடுங்க அண்ணே" என்றாள் தவமணி.

"கை சுடவே இல்ல" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள், ஏனென்றால் மணி நாலாக இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது, மாற்றியதைச் சரிபார்த்து அனுப்பவேண்டும். அண்டா ஃபைல்களைத் திறந்து எக்ஸ்போஷரை இறக்கினாள். எதிர்பார்த்ததுதான், மண்டபம் இருண்டது, வெள்ளை சுருங்கவில்லை, அடிவரைக்கும் சுண்ணாம்பு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிக்கு எட்டு முன்னால் விரல் நின்றது. அங்கே அவன் இருந்தான். பயறளவு முகம், நீலத்துணி.

ஆதிகேசவன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பின்னாடி எட்டு போகலையே" என்றார். "ஷாட்டு முடியிற நம்பரை அடிச்சுட்டீங்க, கைப்பிடியைச் சேர்க்காம. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துல பசங்க பண்றதும்மா இது."

ஒன்பது வருஷத்தில் அவள் அந்தத் தப்பைச் செய்ததில்லை. கை தவறியதா, கையே முடிவெடுத்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. எட்டு ஃபிரேமையும் மெல்ல ஓட்டினாள். முதல் நாலில் வாய் மூடியிருந்தது. ஐந்தாவதில் கறுப்புப் புள்ளி லேசாகத் தெரிந்தது. ஆறில் கொஞ்சம் பெரிது. எட்டில் திறந்திருந்தது.

"இன்னும் ஏதோ சொல்ல வர்றாரு சார்" என்றாள்.

ஆதிகேசவன் ஜன்னலுக்குப் போய்க் குனிந்து, கன்னியப்பனைக் கைதட்டிக் கூப்பிட்டுப் பயனில்லாமல், ஸ்டெல்லாவை விட்டு அவர் தோளைத் தட்டச் சொல்லி, வாயை அகலத் திறந்து கேட்டார்: "எட்டு ஃபிரேம்ல என்ன படிக்கலாம்?"

"ஒரு எழுத்துகூட வராது" என்று கீழிருந்து பதில் வந்தது. "கண்ணை இமைக்கிற நேரம். சிந்தி வீணாக்காதீங்க."

பின்னால் எட்டு இல்லாமலே ஷாட்டை நாலு மணிக்கு அனுப்பினார்கள், கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஐதராபாத். ஆதிகேசவன் எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் வேகமாகக் கேட்டது, பின்னால் கைப்பிடி எட்டு ஃபிரேம் இல்லையே, சூரியனை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று. ஆதிகேசவன் பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதற்காகவே தொழிலில் பலமுறை அடிபட்டவர். அவர் தவமணியைப் பார்த்தார். தவமணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷூட்டிங்லயே அவ்வளவுதான் எடுத்திருக்காங்க" என்றார். "கேமரா அங்கியே நின்னுடுச்சாம். நம்பலன்னா இங்க வந்து யாரை வேணாலும் கேட்டுக்குங்க."

அவர்கள் வந்து கேட்கவும் கேட்டார்கள், அடுத்த வாரம் ஒருவர் பையோடு வந்தார். சந்தில் முப்பது பேரும், எந்த ஃபிரேம், எந்தக் கேமரா என்று ஒரு சொல்லும் புரியாமலே, கேமரா அங்கேயே நின்றுவிட்டது என்றார்கள். கன்னியப்பன் எனக்குக் காது கேட்காது என்று கத்தினார். வந்தவர் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, சிலேட்டில் எழுதியிருந்ததைப் படித்து, நனைந்த சட்டையை மூன்று மணி வெயிலில் காயவைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

ஆனால் அது அடுத்த வாரம். அந்த வெள்ளிக்கிழமை ஆதிகேசவன் போனை வைத்துவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிப்போனார். தவமணி தனியாக இருந்தாள். எட்டு ஃபிரேமையும் ஒரு தனி ஃபோல்டரில் போட்டாள், அதற்குப் பெயர் வைக்கவில்லை. எட்டாவதைத் திரையில் நிறுத்தி வைத்தாள். வெளியே தூறல் வலுத்துக்கொண்டிருந்தது, ஏசி தலைக்கு மேலே உறுமிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து, ஏசியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏசியே" என்றாள், "மிச்சம் ஏழு துண்டு இருக்கு, ஒண்ணையும் அடுப்பு துடைக்கப் போடலன்னு அவரண்ட சொல்லு."

ஏசி உறுமியது. அவள் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டு, வாய் திறந்து நின்ற அந்தப் பயறளவு முகத்தைப் பார்த்து, "சரி, சொல்லுங்க" என்றாள், அவனிடமே.